நாலு விரல் சந்து

நான் ஒரு முடிவெடுத்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நானாக எடுத்த இரண்டாவது முடிவு. முதல் முடிவு அந்தக் காரை வாங்கியது. இரண்டாவது முடிவு, அந்தக் காரைத் தரையோடு தரையாக இறக்குவது.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு. டர்போ. செகண்ட் ஹேண்ட்தான், ஆனாலும் ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் மிதிக்க முடியாது, குறுக்கே நாய் படுத்திருக்கும். பைபாஸில் மிதிக்கலாம். பக்கத்து சீட்டில் மலர்க்கொடி இருந்தால் அங்கேயும் முடியாது. ஆக, அந்தக் காரின் வேகத்தை நான் பெரும்பாலும் மனசுக்குள்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் என் வீட்டில் நான் திருப்பின பக்கம் திரும்புகிற ஒரே ஜீவன் அதுதான். அதற்காகவே அதன்மேல் எனக்கு உயிர்.

மலர்க்கொடி என் மனைவி. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ பிசிக்ஸ் டீச்சர். நான் செம்பியன், கடலூர் தாலுகா ஆபீஸில் சர்வேயர். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நடுகிறவன். என் சொந்த வீட்டில் எனக்கு எத்தனை சென்ட் என்று மட்டும் இன்றுவரை அளக்கத் தைரியம் வரவில்லை.

தை மாசக் கடைசியில் மச்சான் இளவரசு போனில் ஒரு படம் அனுப்பினான். மலர்க்கொடியின் தம்பி. சிதம்பரம் மேலவீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். படத்தில் என் காரைப் போலவே ஒரு கார். அதே சிவப்பு. ஆனால் சக்கரம் மட்கார்டுக்குள் போய் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. தலையணையில் முகம் புதைத்துத் தூங்குகிற குழந்தை மாதிரி. கீழே இளவரசு ஒரே வரி எழுதியிருந்தான்: "மாமா, உங்க வண்டி ஏன் வெள்ளத்துக்குப் பயந்து வேட்டியத் தூக்கிக் கட்டின மாதிரி நிக்குது?"

வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். நாலு விரல் சுளுவாகப் போனது. அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஓ.டி.யில், அதாவது கடலூர் ஓல்டு டவுனில், ராஜவேலு ஒர்க் ஷாப்புக்குப் போனேன். ராஜவேல் என்று போர்டில் இருக்கும், எல்லாரும் ராஜவேலு என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மெக்கானிக், வாயைத் திறந்தால் உண்மைதான் வரும். அதனால் கூட்டம் கம்மி.

"இறக்குற ஸ்பிரிங் மூணு அளவுல வருது சார். இருவத்தஞ்சு மில்லிமீட்டர், முப்பத்தஞ்சு, அம்பது. அதுலயும் ரெண்டு ரகம். ஒண்ணு மொதல்ல மெத்துனு இருக்கும், அழுத்த அழுத்த வெறைக்கும். இன்னொண்ணு எடுத்த எடுப்புலயே வெறைப்பு."

இரண்டு ரகமும் எனக்கு வீட்டில் பழக்கம். முதல் ரகம் மாமியார். இரண்டாவது ரகத்தை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"எது போடலாம் ராஜவேலு?"

"எதுவும் போடாதீங்க சார்."

"ஒண்ணு போட்டே ஆவணும்னா?"

"இருவத்தஞ்சு. நம்ம ஊரு ரோட்டுக்கு அதுவே ஜாஸ்தி."

இளவரசுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் என் போன் சூடாகிவிட்டது.

"இருவத்தஞ்சா? மாமா, இருவத்தஞ்சு இறக்கினா, டயர்ல காத்து கம்மியா இருக்கு பாத்துக்குங்கன்னு ரோட்டுல போறவன் சொல்லிட்டுப் போவான். அம்பது இறக்கினாத்தான் இறக்கினதுன்னே தெரியும். நீங்க என்னா, பயப்படுறீங்களா?"

"பயமா? எனக்கா?"

"அக்காவுக்கு."

அது பயம் இல்லை என்று அவனுக்கு விளக்கினேன். அது மரியாதை. பதினாறு வருஷமாகத் தினமும் வளர்ந்துகொண்டே வருகிற மரியாதை.

சாயங்காலம் மலர்க்கொடி பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். கையில் சிவப்புப் பேனா. அந்தப் பேனா கையில் இருக்கும்போது நான் வழக்கமாக எதுவும் பேசமாட்டேன், பேச்சிலேயே மார்க் குறைத்துவிடுவாள். அன்றைக்குப் பேசினேன்.

"மலரு, காருக்கு ஸ்பிரிங் மாத்தலாம்னு இருக்கேன்."

"ஒடஞ்சிடுச்சா?"

"இல்ல. நல்லா இருக்குது."

"நல்லா இருக்குறத ஏன் மாத்துறீங்க?"

"வண்டிய இறக்கணும்."

"எங்கருந்து?"

"இப்ப இருக்குற ஒசரத்துலேர்ந்து. அம்பது மில்லிமீட்டர்."

சிவப்புப் பேனாவை மூடினாள். "ஏங்க, நான் ஏழு சீட்டு வண்டி கேக்குறேன். ஒசரமா, நிமிந்து உக்கார்ற மாதிரி. எங்கப்பா, எங்கம்மா, பவானி, அவ வீட்டுக்காரரு, நீங்க, நான், பொறக்கப்போற கொழந்த. ஏழு பேரு. நீங்க இருக்குற அஞ்சு சீட்டையும் ரோட்டுல உக்கார வெக்கப்போறீங்க."

பவானி அவளுடைய தங்கை. திருப்பாதிரிப்புலியூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் மாசம்.

"உனக்கு ஸ்பிரிங் பத்தியெல்லாம் புரியாது மலரு," என்றேன்.

ப்ளஸ் டூ பிசிக்ஸ் டீச்சரிடம் நான் இப்படிச் சொன்னேன். இதைத் தனியாக எழுதுகிறேன், என் பின்னால் வருகிறவர்களாவது பார்த்துப் பிழைத்துக்கொள்ளட்டும்.

அவள் கோபப்படவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். அப்புறம் சொன்னாள்:

"சரி. மாத்திக்கோங்க."

"என்னா?"

"அம்பதே போட்டுக்கோங்க. ஆனா ஒரு கண்டிஷன். பங்குனியில பவானிக்கு வளகாப்பு. முடிஞ்சதும் அவள நம்ம கார்லதான் சிதம்பரம் கூட்டிட்டுப் போவணும். எங்கூட்டு வழக்கம் தெரியும்ல? வளகாப்பு முடிஞ்சி கெளம்புற பொண்ணு வழியில கால தரையில வெக்கக்கூடாது. எங்கம்மா வீட்டு வாசப்படியிலதான் வெக்கணும். ஞாயித்துக்கெழம நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள போய்ச் சேத்துட்டீங்கன்னா, இந்தக் கார் ஆயுசுக்கும் உங்களுது. நான் வாயே தொறக்கமாட்டேன்."

"சேக்கலன்னா?"

"கார வித்துட்டு ஏழு சீட்டு வாங்குறோம்."

கடலூரிலிருந்து சிதம்பரம் ஒரு மணி நேரம். என் காரில் அதுகூட வேண்டாம். மதியம் இரண்டுக்குக் கிளம்பினால் போதும். எனக்குச் சிரிப்பு வந்தது. கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். அவளும் செய்தாள். அவள் கை ஜில்லென்று நிதானமாக இருந்தது.

ஐம்பது மில்லி ஸ்பிரிங்குக்கு ராஜவேலுவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் நான் அவசரக்காரன் இல்லை, அளவுக்காரன். சனிக்கிழமை டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம்வரை மெயின் ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரையும் அளந்தேன். உயரம், அகலம், சரிவு. மொத்தம் இருபத்தொன்று. எல்லாவற்றுக்கும் புல எண் மாதிரி நம்பர் போட்டேன்.

ஆலப்பாக்கம் பக்கம் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"சார், நீங்க தாலுகா ஆபீஸ் சர்வேயர்தான? ரோட்ட அகலப்படுத்துறாங்களா?"

"இல்லைங்க. சும்மா அளக்குறேன்."

"சும்மா யாரு சார் லீவு நாள்ல வந்து அளப்பாங்க? எங்கடை போயிடுமா? நெசத்தச் சொல்லுங்க சார், நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது."

"இது என் சொந்த விஷயம்."

"சொந்தமாவா ரோடு போடப்போறீங்க?"

அடுத்த பிரேக்கருக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. பத்துப் பேர் பட்டா நகலோடு நின்றார்கள். ஒருத்தர் தன் வீட்டு முன்சுவரை மட்டும் விட்டுவிடும்படி கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாருக்கும் ஆறுதல் சொல்லி வீடு வந்து சேர சாயங்காலம் ஆகிவிட்டது. ஆனால் கணக்கு கையில் இருந்தது. ஸ்பிரிங் மாற்றின பிறகு வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர். இருப்பதிலேயே உயரமான பிரேக்கர் பதினொன்றரை. அரை சென்டிமீட்டர் மிச்சம்! சர்வே டிப்பார்ட்மெண்டில் அரை சென்டிமீட்டர் மிச்சம் என்பது பெரிய தாராளம்.

ஸ்கெட்ச் போட்டு மலர்க்கொடியிடம் காட்டினேன். முழுசாகப் பார்த்தாள்.

"அழகா போட்டிருக்கீங்க. வண்டி ஒசரத்த எப்ப அளந்தீங்க?"

"ராஜவேலு கடையிலயே. வண்டிய அளந்து, அதுல அம்பது மில்லி கழிச்சிக் கணக்குப் போட்டோம்."

"ம்," என்றாள். "ம்" மட்டும்தான். வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தால் இன்றைக்கு என் கார் என்னிடம் இருந்திருக்கும்.

ஸ்பிரிங் ஏறியது. கார் இறங்கியது. சக்கரத்துச் சந்தில் இப்போது இரண்டு விரல்தான் போனது, அதுவும் மோதிரத்தைக் கழற்றினால். ராஜவேலு சாவியைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தனியாக ஸ்பீடு பிரேக்கர் மேல் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். தட்டவில்லை. உரசவில்லை. ஒர்க் ஷாப் வாசலிலேயே ஒரு குதி குதித்தேன். இளவரசு வீடியோ காலில் காரைச் சுற்றிச் சுற்றிக் காட்டச் சொன்னான். பின்பக்கத்தை இரண்டு தடவை காட்டச் சொன்னான். "சூப்பர் மாமா! இத அப்படியே பத்திரமா வெச்சிக்குங்க. ஒரு கோடு விழக்கூடாது," என்றான். ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு மச்சான் அமைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பவானி வீட்டில் வளைகாப்பு நன்றாக நடந்தது. வளையல் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள், ஏழு வகைச் சாதம் கிளறினார்கள். மதியம் ஒன்று ஐம்பதுக்கே காரைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டேன். தெருவே பார்த்தது. பவானியை அவள் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சீட்டில் உட்கார வைத்தார். உட்கார வைத்தார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். கிணற்றில் குடத்தை இறக்குகிற மாதிரி நாலு பேர் பிடித்து இறக்கினார்கள்.

"அக்கா, நான் எறங்கிட்டேனா, இன்னும் போவணுமா?" என்றாள் பவானி.

"அவ்ளோதான் கண்ணு. இதுக்குக் கீழ ரோடுதான்," என்றாள் மலர்க்கொடி.

அந்தப் பக்கம் என் மாமியார். இந்தப் பக்கம் மலர்க்கொடி. முன்னால் என் மாமனார் சடையப்பன், அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிக்கியில் ஏழு வகைச் சாதமும் ஏழு அன்னக்கூடையில். அது போக ஒரு பலாப்பழம். பலாப்பழத்தை என் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. சொல்லப்போனால் மாமியாரையே சேர்க்கவில்லை.

"போலாம், ரைட்!" என்றார் மாமனார்.

நூறு அடி போனோம். என் ஸ்கெட்ச்சில் முதல் நம்பர் பிரேக்கர். வெறும் எட்டரை சென்டிமீட்டர். நான் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டு ஏற்றினேன்.

டர்ர்ர்ர்ர்ர்.

அந்தச் சத்தம் காருக்கு அடியில் வரவில்லை. என் அடிவயிற்றில் வந்தது. முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம், நடுவில் என் டர்போ பிரேக்கர்மேல் குப்புறப் படுத்திருந்தது.

"ஹோல்டான்!" என்றார் மாமனார்.

"எப்படி? எப்படி தட்டும்? பன்னெண்டு சென்டிமீட்டர் இருக்கு! நானே அளந்தேன்!"

பின்சீட்டிலிருந்து டீச்சர் குரல் வந்தது. நிதானமாக, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி.

"அளந்தப்ப வண்டியில யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

"ஸ்பிரிங்மேல எடை ஏற ஏற அது அமுங்கும். எவ்ளோ எடையோ அதுக்குத் தக்கன. எங்க ஸ்கூல்ல இத மொத வாரமே நடத்திடுவோம். இப்ப அஞ்சு பேரு இருக்கோம், ஏழு கூட சாதம் இருக்கு. பன்னெண்டு எங்கருந்து இருக்கும்?"

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்குத்தான் ஸ்பிரிங் பத்திப் புரியாதே."

ஐயோ, தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடாதா என்று இருந்தது. அதற்கும் வழியில்லை. தரைக்கும் எனக்கும் நடுவில் இடமே இல்லையே.

"எல்லாரும் எறங்கு! எறங்கு, எறங்கு, எறங்கு!" மாமனார் கதவைத் தட்டினார். முப்பது வருஷப் பழக்கம். மாமியார் பட்டுப்புடவையோடு இறங்கினார். மலர்க்கொடி இறங்கினாள். பவானி இறங்கக்கூடாதே, அவள் மட்டும் கழுத்து நிறைய மாலையோடு நடுசீட்டில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் தள்ளினோம். கார் முனகிக்கொண்டே இறங்கியது.

"ரைட்! ஏறு, ஏறு!"

எல்லாரும் ஏறினார்கள். மாமியாரை ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஐந்நூறு அடியில் இரண்டாம் நம்பர். "ஹோல்டான்! எறங்கு!" எல்லாரும் இறங்கினார்கள். ஏறினார்கள். மூன்றாம் நம்பர். இறங்கினார்கள். நான்காம் நம்பரில் மாமியார் சொன்னார்:

"மாப்ள, நான் இப்படியே நடந்தே வந்துடுறேன். ஏறி எறங்குறதுக்கு அது தேவல."

அப்படியே ஆனது. நான் ஆமை மாதிரி ஓட்ட, இரண்டு பக்கமும் மாமியாரும் மலர்க்கொடியும் நடக்க, முன்னால் மாமனார் இரண்டு கையையும் ஆட்டி "வா, வா, வா, லெப்ட்ல ஒடி" என்று வழிகாட்ட, நடுவில் பவானி மட்டும் மாலையும் வளையலுமாக வீற்றிருந்தாள். ஓ.டி. கடைத்தெருவில் ஒரு பூக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பைக்கில் வந்த ஒருத்தர் நின்று, "எந்தக் கட்சி?" என்று மலர்க்கொடியிடம் கேட்டார். "எதிர்க்கட்சிங்க," என்றாள் அவள்.

பவானிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "மாமா, ஏசி நல்லா இருக்கு," என்றாள்.

டவுன் தாண்டினதும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, பிரேக்கர் வந்தால் மட்டும் இறக்கிவிட்டு, மூன்றரைக்கு ஆலப்பாக்கம் வந்தோம். நியாயமாக அந்நேரம் மாமனார் வீட்டு வாசலில் நான் காலாட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருக்க வேண்டும். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "சார், அளந்தது போதலையா? குடும்பத்தோட வந்துட்டீங்க!" என்று கும்பிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மணி நேரம்தான் மிச்சம். என் காரை நான் இழந்துகொண்டிருந்தேன், அதுவும் நடக்கிற வேகத்தில்.

அப்போதுதான் இளவரசு போன் செய்தான். என் தெய்வம்.

"மாமா, எங்க இருக்கீங்க? மெயின் ரோட்டுல போவாதீங்க. முன்னாடி பாலம் வேலை, ஒரே ஜாம். புதுச்சத்திரம் தாண்டி உள்ரோட்டப் புடிங்க. அதுல ஒரு ஸ்பீடு பிரேக்கர்கூட கெடையாது!"

"நெசமாவா?"

"என் மேல நம்பிக்கை இல்லையா மாமா?"

நம்பிக்கை இல்லாமலா! எல்லாரையும் ஏற்றினேன். உள்ரோட்டில் திரும்பினேன். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு பிரேக்கர் இல்லை. வழவழவென்று தார் ரோடு. மூன்று கிலோமீட்டர் பறந்தேன். டர்போ சீறியது. மலர்க்கொடிகூட ஒன்றும் சொல்லவில்லை. மணி மூன்று ஐம்பது. "பாத்தியா?" என்று கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைவு திரும்பினேன். பங்குனி மாசம் என்பதை நான் மறந்திருந்தேன். இந்தப் பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்து விதைப்பார்கள், பங்குனியில் பிடுங்குவார்கள். பிடுங்கின செடியைக் களத்தில் போட்டு அடிக்க ஆளுக்கு எங்கே போவது? ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ், லாரி எல்லாம் ஏறி மிதித்து, உளுந்து தானாக உதிர்ந்துவிடும். அரை கிலோமீட்டருக்கு ரோடு தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்கு உளுந்தஞ்செடி.

மற்ற வண்டிகள் அதன்மேல் ஏறிப் போகும். என் வண்டி உள்ளே புகுந்தது. முன்பக்கத்தால் அள்ளியது. அடியில் திணித்தது. இன்னும் அள்ளியது. இருபது அடியில் ஒரு வைக்கோல் போரை முகத்தில் கட்டிக்கொண்டு என் டர்போ நின்றது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை.

"யோவ்!" இரண்டு அம்மாக்கள் கையில் செடி கிளறுகிற கவையோடு ஓடி வந்தார்கள். "எங்க உளுந்த எங்கய்யா இட்டுக்கினு போற?"

"நான் எடுக்கலைங்க, வண்டிதான்..."

"எம்மாம் லாரி போவுது, எம்மாம் பஸ்ஸு போவுது. யாராச்சும் ஒரு செடிய எடுத்தானா? நீ என்னா வண்டி வெச்சிக்கினு இருக்கிற, தொடப்பக்கட்ட மாதிரி!"

அவர்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் ரோட்டில் மல்லாந்து படுத்து அடியில் கையை விட்டேன். இழுத்தேன். ஒரு கை செடி வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வயலே இருந்தது. மணி நாலு ஐந்து.

"பவானி எறங்கி நடக்கட்டுமே, நூறு அடிதான," என்று கெஞ்சினேன்.

"மாப்ள!" என்றார் மாமியார். ஒரே சொல். அழுத்த அழுத்த விறைக்கிற ரகம்.

அந்த நேரத்தில் பின்னால் ஹாரன் கேட்டது. உயரமான ஒரு வெள்ளை வண்டி. ஏழு சீட்டு. செடிமேல் சும்மா பூமேல் நடக்கிற மாதிரி ஏறி வந்து என் காருக்குப் பக்கத்தில் நின்றது. இளவரசு தலையை நீட்டினான்.

"என்னா மாமா ஆச்சு? நல்ல காலம், ஃப்ரெண்டு வண்டிய எடுத்துக்கினு இந்தப் பக்கமா வந்தேன்!"

பவானியை அதில் மாற்ற வேண்டும். கால் தரையில் படக்கூடாது. கவை அம்மாக்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. உளுந்தஞ்செடியை அள்ளிக் கட்டி மூன்று படி அடுக்கினார்கள். பவானி என் காரிலிருந்து செடிமேல் கால் வைத்து, படி ஏறி, வெள்ளை வண்டியில் போய் உட்கார்ந்தாள். அவர்கள் அவளுக்குத் திருஷ்டி வேறு சுற்றிப்போட்டார்கள். மாமியார் ஏறினார். மாமனார் ஏறினார். மலர்க்கொடி ஏறினாள், குனியாமல், நிமிர்ந்தபடி.

"நீங்க?" என்றாள்.

"அவரு எங்க வருவாரு?" என்றார் கவை அம்மா. "எங்க உளுந்த எடுத்துக் குடுத்துட்டுதான் வருவாரு."

"ரைட்!" என்றார் மாமனார்.

நான் அடியில் படுத்து, ஒவ்வொரு செடியாக இழுத்து, ஒவ்வொரு காயாக உதிர்த்து ஒப்படைத்தேன். அரசாங்க சர்வேயர். சட்டைப் பையில் விழுந்த உளுந்தைக்கூட உதறச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து ஒரு அம்மா மட்டும் இரக்கப்பட்டார். "உளுந்து தூசு அப்படித்தான் கண்ணக் கரிக்கும்," என்றார்.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. பவானி நாலு இருபத்தைந்துக்கே வாசப்படியில் கால் வைத்துவிட்டாளாம். எல்லாரும் காபி குடித்து முடித்திருந்தார்கள். வாசலில் வெள்ளை வண்டி. அதன் நிழலில் என் சிவப்புக் காரை நிறுத்தினேன். பம்பரில் இன்னும் இரண்டு செடி தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தியம் சத்தியம்தான். சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது. தரையில் தேய்கிற இந்தக் காரை எந்த மடையன் வாங்குவான்? ஆள் கிடைக்கிறவரைக்கும் என்னிடம்தானே இருக்கும்? ஒரு வருஷம், ரெண்டு வருஷம்?

இளவரசு என் தோளில் கை போட்டான்.

"மாமா, மனச உட்றாதீங்க. உங்க வண்டி வெளியில போவக்கூடாது. நானே எடுத்துக்குறேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்காகவாடா மச்சான்?"

"உங்களுக்காகத்தான் மாமா," என்று சொல்லிக்கொண்டே சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். என் டர்போ ஒரு சீறு சீறிவிட்டு மேலவீதிப் பக்கம் திரும்பியது. அவன் திருப்பின பக்கம் திரும்பியது, துரோகி. மாமனார் வாசலில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலர்க்கொடி எனக்கு ஒரு டம்ளர் காபி கொண்டு வந்தாள். சட்டையிலிருந்து உளுந்துச் சருகைத் தட்டிவிட்டாள். அன்பாகத்தான் தட்டிவிட்டாள்.

"பாரு மலரு, ஒந்தம்பிக்கு எவ்ளோ நல்ல மனசு. எனக்காக இந்த வண்டிய எடுத்துக்குறான். ஃப்ரெண்டு வண்டிகூட சரியான நேரத்துக்கு வந்துச்சி பாரு."

"அது ஃப்ரெண்டு வண்டி இல்லீங்க. நம்ம வண்டி. நீங்க ஸ்பிரிங் பேச்ச எடுத்த அன்னிக்கே புக் பண்ணிட்டேன்."

டம்ளர் வாய்வரைக்கும் போய் அங்கேயே நின்றது.

"அப்ப இளவரசு... அவன் எப்ப இந்தக் கார கேட்டான்?"

"பொங்கலுக்கே கேட்டான். அம்பது மில்லி எறக்கித்தான் வேணும்னான். அவனா எறக்கினா எங்கப்பா வீட்டுக்குள்ள உடமாட்டாரு, மாப்ள எறக்கிக் குடுத்ததுன்னா ஒரு வார்த்த பேசமாட்டாரு, அதான் உங்கள உட்டே எறக்கி வாங்கிட்டோம்."